கேள்நரம்புக் கட்டி அறுவையில் மண்டையோட்டுச் சீரமைப்பு

கேள்நரம்புக் கட்டி அறுவையில் மண்டையோட்டுச் சீரமைப்பு என்பது, எட்டாம் மண்டை நரம்பில் தோன்றும் புற்றல்லாத கட்டியை (வெஸ்டிபுலர் ஷ்வானோமா) நீக்குவதற்காகக் குடையப்பட்ட எலும்புக் குழியை மூடும் மருத்துவமுறை ஆகும்.

உட்செவி வழியே கட்டியை அணுகும் முறையை 1960களில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹவுஸ் வளர்த்தெடுத்தார். இதில் காதின் பின்புற எலும்பும் அரைவட்டக் குழல்களும் குடைந்தெடுக்கப்படுவதால் அக்காதின் கேட்கும் திறன் முற்றிலும் இழக்கப்படுகிறது. திறந்த மூளையுறையை நீர் கசியாதவாறு தைப்பதும் கடினம். எனவே நோயாளியின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பு கீற்றுகளாகக் குழியில் அடைக்கப்படுகிறது. சில வேளைகளில் அதன்மேல் டைட்டேனியம் வலையோ எலும்புச் சிமெண்டோ பொருத்தப்படும். (எலும்புச் சிமெண்டு இங்கு பெரும்பாலும் ஹைட்ராக்சி அப்பட்டைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் ஆகும். விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் அறியப்படும் கட்டடச் சிமெண்டுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு.)

அடைப்பு சரியாக அமையாவிடின் மூளைத் தண்டுவட நீர்மம் நடுச்செவிக்குழல் வழியே இறங்கி, குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீராக வடியும். இதனைச் சளி எனக் கருதுதல் ஆபத்தானது. அவ்வழியே கிருமிகள் புகுந்து மூளையுறை அழற்சி ஏற்படலாம்.

பிடரிப் பக்கமாக அணுகும் முறையில் சிக்கல் வேறு. எலும்பு திறந்தே விடப்பட்டால் கழுத்துத் தசை மூளையுறையுடன் ஒட்டி நீடித்த தலைவலியைத் தரக்கூடும். வெட்டியெடுத்த எலும்பையே மீண்டும் பொருத்துவது எளிய தீர்வுகளுள் ஒன்று.

இத்தகைய அறுவைகளை மேற்கொள்ளும் நரம்பியல் அறுவைத் துறை இந்தியாவில் முதன்முதலாக 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது.