ஐந்து மணி இருளும் கூடுதல் விளக்கும்

நவம்பர் இறுதியில் அந்தமானில் கதிரவன் மாலை ஐந்து மணிக்கு முன்னரே மறைந்துவிடுகிறான். அதே நாளில் சென்னையில் ஏறத்தாழ 5.40க்கும், குஜராத்தின் மேற்குக் கரையில் ஆறு மணிக்குப் பின்னரும் பொழுது சாய்கிறது. மூன்று இடங்களிலும் கடிகாரம் ஒன்றுதான். இந்தியச் சீர்நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் அக்கோட்டுக்கு ஏறத்தாழ பத்துப் பாகை கிழக்கே உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் நாற்பது நிமிடம். எனவே நிலப்பகுதியில் அந்தி வெளிச்சத்தில் வீடு திரும்புகிறவர்கள் செய்யும் பயணத்தை இங்குள்ளவர்கள் முழு இருளில் செய்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் கூடுதல் விளக்கைப் பற்றிய ஒரு குறிப்பை இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

தீவுகளில் வழங்கும் தமிழ் குறித்த களப்பணிக்காகச் சென்றிருந்தேன். (2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ்.) ஒருநாள் மாலை ஃபெரார்கஞ்சிலிருந்து பாம்பூஃபிளாட் படகுத்துறை நோக்கி வாடகை வண்டியில் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு பயண மோட்டார் சைக்கிள். அதன் முகப்பு விளக்குக்குக் கீழே வெண்ணிறத்தில் இரண்டு எல்இடி விளக்குகள். சில நொடிகள் சாலையே இல்லாமற்போயிற்று. ஓரமாக நடந்து வந்த ஒரு மூதாட்டியின் கைப்பை என் வண்டியின் கைப்பிடியில் உரசிய பிறகுதான் அவர் அங்கிருந்ததையே அறிந்தேன். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. அந்த ஓட்டுநர் என்னைவிட நன்றாகச் சாலையைப் பார்த்திருப்பார். அவர் பார்ப்பதற்கான விலையை நானும் அந்த மூதாட்டியும் கொடுக்க நேர்ந்தது.

தமிழில் 'விளங்கு' என்பது தன்வினை. 'விளக்கு' அதன் பிறவினை. அடங்கு–அடக்கு, இணங்கு–இணக்கு போன்ற இணை இது. விளங்குவது, தான் ஒளிர்வது, பிறர் கண்ணுக்குத் தெரிவது. விளக்குவது, பிறிதொன்றை ஒளிரச் செய்வது. (பாத்திரம் விளக்குகிறோம் என்பதும் இதுதான்.) வண்டியில் பூட்டிய விளக்கு இவ்விரு வினைகளையும் செய்தாக வேண்டும்: சாலையை ஓட்டுநருக்கு விளக்க வேண்டும், வண்டி எதிரில் வருபவருக்கு விளங்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியாகவே மோட்டார் சைக்கிள் விளக்கின் வரலாற்றை என்னால் வாசிக்க முடிகிறது.

தொடக்க கால வண்டிகளில் கார்பைடு விளக்குகள் இருந்தன. கால்சியம் கார்பைடின் மேல் நீர் சொட்டச் சொட்ட அசிட்டிலீன் வாயு எழும். அதைக் கொளுத்தி ஓட்டினார்கள். 1913இல் பாஷ் நிறுவனம் கார்களுக்கான முழுமையான மின்விளக்கு அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மின்னொளி பரவிய பின்னரே கண்கூச்சம் பொதுச் சிக்கலாயிற்று. அதற்கு விடையாக 1920களில் ஒரே பல்பில் இரண்டு இழைகள் வைக்கும் முறை வந்தது. நாம் இன்று 'டிம்–பிரைட்' என்று சொல்வதன் பிறப்பு அதுவே. எதிரே வருகிறவரும் ஒரு மனிதர் என்பதை விளக்கின் அமைப்பு ஏற்றுக்கொண்ட தருணம் என்று அதைச் சொல்லலாம்.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து தொடங்கப்பெற்று, திருவொற்றியூரில் புல்லட் தயாரித்த என்ஃபீல்டு இந்தியாவின் வண்டிகளைப் பாருங்கள். முகப்பு விளக்கின் இருபுறமும் இரு சிறு கண்கள் போல 'பைலட்' விளக்குகள் இருக்கும். அவற்றைக் கொண்டு சாலையில் எதையும் பார்க்க முடியாது; அவை விளங்க மட்டுமே செய்யும். சாலையை விளக்கும் பொறுப்பு முகப்பு விளக்குக்கு உரியது. நெடுங்காலம் இருந்த 6 வோல்ட் மின்னமைப்பில் அது அப்பணியை அரைகுறையாகவே செய்தது. பிற்காலத்து வண்டிகள் பலவற்றிலும் முகப்பு விளக்கு மின்கலத்திலிருந்து அன்றி, எஞ்சினோடு சுழலும் காந்தச் சுருளிலிருந்தே நேரடியாக மின்சாரம் பெற்றது. எஞ்சின் வேகம் குறைந்தால் ஒளியும் மங்கும். மலைச்சாலை வளைவில் வண்டியை மெதுவாகத் திருப்பும்போது, வெளிச்சம் மிகவும் வேண்டிய அந்த நொடியில், விளக்கு சோர்ந்துவிடும். பயணிகள் கூடுதல் விளக்கு பூட்டத் தொடங்கியது வெறும் அலங்கார ஆசையால் அன்று. மின்கலத்திலிருந்து குறைந்த மின்சாரத்தில் எரியும் எல்இடி வந்தபின் அது எளிதாயிற்று. இப்போது ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச் போதும்.

சிக்கல் பெயரில் தொடங்குகிறது. கடையில் கேட்டால் எல்லாமே 'ஃபாக் லைட்'. உண்மையில் மூடுபனி விளக்கு அகலமாக, தாழ்வாக, மேல்விளிம்பு வெட்டப்பட்ட ஒளியைச் சிந்துவது. 'டிரைவிங் லைட்' என்பது குறுகி நீண்டு, தொலைவைத் துளைப்பது. முன்னதைத் தாழ்வாகப் பூட்டினால் எதிரில் வருபவருக்குத் தொல்லை குறைவு. பின்னதை முகப்பு விளக்கின் 'பிரைட்'டோடு மட்டுமே சேர்த்து எரிக்க வேண்டும், 'டிம்' போட்டதும் அது அணைய வேண்டும். என் எதிரே வந்த வண்டியில் அந்த இணைப்பு இல்லை என்றே கருதுகிறேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 'ஸ்பாட் லைட்', 'சர்ச் லைட்' என்ற சொற்கள் வருகின்றன: தனிச்சூழலில் பதிவு அதிகாரியின் முன்னனுமதி பெற்றாலன்றி அவற்றை வண்டியின் முன்புறம் வைக்கலாகாது என்கிறது விதி 111. ஆக, ஒரே பொருள் கடையில் ஒரு வகை, விதியில் வேறு வகை. விதி 106 பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை. எட்டு மீட்டர் தொலைவில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒருவரின் கண் கூசக்கூடாது என்று ஒரு மனிதக் கண்ணையே அளவுகோலாக வைக்கிறது. இவ்விரண்டில் மேலான சட்டமொழி 106தான் என்பது என் கருத்து. விளக்கேற்றும் நேரத்தையும் விதிகள் கடிகாரத்தால் குறிக்கவில்லை. கதிரவன் மறைந்த அரைமணிக்குப் பின் என்கின்றன. தீவுக்கு இது பொருந்தும் நீதி.

2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு தானே எரிய வேண்டும் என்றாயிற்று. அந்நாட்களில் எதிரே வந்தவர்களெல்லாம் விரல்களை விரித்தும் மடக்கியும் "லைட் எரியுது" என்று சைகை காட்டியது நினைவிருக்கும். பட்டப்பகலில் எரியும் விளக்கு எதையும் விளக்குவதில்லை, விளங்குவதற்காகவே எரிகிறது. பழைய பைலட் விளக்கின் வேலை முகப்பு விளக்குக்கு வந்து சேர்ந்தது.

அந்தமான் பெருஞ்சாலையில் நீண்ட பயணம் செய்ய எண்ணி விளக்கு பூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஜிர்காடாங்குக்கும் மிடில் ஸ்ட்ரெயிட்டுக்கும் இடைப்பட்ட ஜாரவா காப்பகப் பகுதியில் வண்டிகள் குறித்த நேரத்தில், காவலோடு, பகலில் அணியாக மட்டுமே செல்ல முடியும். உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்தில் அச்சாலையின் சில பகுதிகளை மூடவே ஆணையிட்டது. போக்குவரத்து இன்றும் நின்றபாடில்லை. ஆயினும் இரவில் அங்கே எவர் விளக்குக்கும் வேலையில்லை.

மறுநாள் நகரில் தமிழ் பேசும் ஒரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவர் அப்போது வேறொருவர் வண்டிக்குக் கூடுதல் விளக்கு பூட்டிக்கொண்டிருந்தார். "எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு தெரியலைன்னா அவன் நம்ம மேலதான் தம்பி வந்து விழுவான்" என்றார். பிறகு வண்டிக்காரரை இருக்கையில் உட்காரவைத்து, விளக்கை எரியவிட்டு, தாம் எழுந்து பத்தடி பின்னே போய் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தார். திரும்பி வந்து ஸ்பேனரால் விளக்கைச் சற்றே கீழே சாய்த்தார். மூன்று முறை அப்படி நடந்தார்.