காயாஞ்செடிக்கு என்ன வயசு?

திருமழிசைன்னு சொன்னா உங்களுக்கு பெங்களூரு நெடுஞ்சாலை ஞாபகம் வரும். இல்லேன்னா 2020 கொரோனா சமயத்துல கோயம்பேட்டுலேர்ந்து இங்க மாத்தின காய்கறிச் சந்தை. ஆனா எங்க ஊர்ப் பழங்கதை ஒரு புதர்ல ஆரம்பிக்குது. பிரம்பு வெட்டப் போன திருவாளன், புதரடியில கண்டெடுத்த குழந்தைதான் திருமழிசை ஆழ்வார் என்பது வைணவ மரபு. கதையை நம்புறது உங்க இஷ்டம். அதைச் சொன்னவங்க மனசுல இந்த ஊர் புதர் மண்டின இடமா இருந்திருக்குன்னு மட்டும் நான் எடுத்துக்கறேன்.

நம்ம கடலோரச் சமவெளிக்குன்னே ஒரு காடு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில கொட்டற மழையை வெச்சு வருஷம் பூரா பச்சையா நிக்கும். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுன்னு புத்தகத்துல பேர். அதுல முக்கியமான செடி காயா. காசான்னும் சொல்வாங்க. தடிச்ச, பளபளப்பான இலை. தண்டை ஒட்டிக் கொத்துக் கொத்தா நீலப்பூ. பெருமாளைக் காயாம்பூ வண்ணன்னு சொல்றது இந்த நிறத்தை வெச்சுத்தான். இலையில மஞ்சள் சாயம் எடுப்பாங்க. கட்டை இரும்பு மாதிரி, நின்னு எரியும்.

அதுதான் அதுக்கு வினை. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அம்பத்தூர், ஆவடி பக்கமாகப் போகிற அதே பாதை. தொடக்க காலத்து இன்ஜின்கள் விறகையும் தின்றன. பட்டணத்து அடுப்புகளும் சேர்ந்துகொண்டன. அதே 1856 கடைசியில்தான் ஹியூ கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஆனார். கோடரியும் காவலும் ஒரே வருஷத்துல வந்தது பாருங்க.

இன்னிக்கு காயாவை நல்லாப் பார்க்கணும்னா கோயில் காட்டுக்குத்தான் போகணும். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுத்தி அப்படி ஒரு காடு இருக்கு. சாமிக்குப் பயந்து கத்தி வைக்காத இடம். 1990-களில் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தண்டுகளைச் சுற்றளவு வாரியாக அளந்து கணக்கெடுத்தாங்க. கணக்கு எதுக்குன்னா, ஒரு செடியில மெல்லிசு நிறைய, பருமன் கொஞ்சம்னு இருந்தா, அது பிள்ளைகுட்டியோட வாழற குடும்பம். கிழடு மட்டும் நின்னா, கடைசித் தலைமுறை.

எங்க வரப்போரம் ஒரு காயாப் புதர் இருக்கு. நானும் எண்ணினேன். விரல் தடிமன்ல முப்பத்தேழு தண்டு. குட்டிங்க நிறைய இருக்கு, கவலையில்லைன்னு பெரியப்பாகிட்ட பெருமையாச் சொன்னேன்.

"குட்டியா? மண்ணைத் தள்ளிப் பாருடா" என்றார்.

தள்ளினேன். முப்பத்தேழும் ஒரே அடிக்கட்டையிலேர்ந்து. என் இடுப்பைவிடப் பருமனான கட்டை.

"அது கெழவிடா. எங்கப்பா வெட்டினாரு, நான் வெட்டினேன், நீ வேலிக்கு வெட்டுற. வெட்ட வெட்டத் துளிர்க்கும். பூக்க விட்டாத்தானே பழுக்கும்?"

அன்னிக்குத்தான் உறைச்சுது. மெல்லிசுன்னா இளசுன்னு அர்த்தம் இல்லை. வெட்டுப்பட்ட செடி வெளியே குமரி மாதிரி நிக்கும், வேர்ல கிழவி. சுத்தி விதையில முளைச்ச கன்னு ஒண்ணுகூட இல்லை. கட்டை செத்தா எங்க வரப்புல காயா முடிஞ்சுது. கோயில் காட்டுல சாமி காப்பாத்தினது செடியை மட்டுமில்ல, அது பழுக்கறதுக்கான வருஷங்களையும்.

ரெண்டு வருஷமா அதுல கத்தி வைக்கலை. வேலிக்குக் கம்பி வாங்கிட்டேன். போன கோடையில பூத்துது, கறுப்பாப் பழுத்துது, கொண்டைக்குருவி வந்து தின்னுது. வேப்பமரத்தடியில, குருவி உக்கார்ற கிளைக்கு நேர் கீழே, ரெண்டிலைக் கன்னு மூணு இப்போ நிக்குது. ஆடு கடிக்காம முள் போட்டு வெச்சிருக்கேன்.

இந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாருங்க. கால் மட்டும் பார்த்து வைங்க.