கைக்கடங்கிய கமரா

பதுளை நகருக்குத் தென்கிழக்கே 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது சிகரங்கள் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். அதன் சரிவுகளில் விரிந்த தேயிலைத் தோட்டங்களையும், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கும் பெண்களையும், அவர்களுக்குப் பின்னே ஊரும் மூடுபனியையும் ஒத்த காட்சிகள் அஞ்சலட்டைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் உலகெங்கும் சென்றிருக்கின்றன. மலையகத் தமிழர் அளவுக்குப் பிறரால் படம் பிடிக்கப்பட்ட மக்கள் இலங்கையில் மிகச் சிலரே. ஆயினும் அப்படங்களின் அடியில் படம் எடுத்தவர் பெயர் உண்டு. சில வேளை தோட்டத்தின் பெயரும் உண்டு. கொழுந்து பறிப்பவரின் பெயரைத்தான் காண முடிவதில்லை. இதற்குக் காரணங்கள் பல. கமராவின் பருமனும் விலையும் அவற்றுள் ஒன்று. அந்தக் கருவி சிறுத்துக் கைக்குள் அடங்கிய வரலாறு, ஆதலால், மலையக மக்களின் வரலாற்றோடும் தொடர்புடையது.

1875ஆம் ஆண்டில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி தம் கணவருடன் இலங்கைக்குக் குடிவந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தின் பெரும் புலவர்களையும் அறிஞர்களையும் படமெடுத்துப் புகழ்பெற்றவர் அவ்வம்மையார். அவர் கையாண்டது ஈரத் தட்டு முறை. கண்ணாடித் தட்டில் கொலோடியன் கரைசலைப் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம்பிடித்து, காயுமுன்னரே இருட்டறையில் கழுவி எடுத்தல் வேண்டும். அவர் விரும்பிய தட்டின் அளவு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். படம் பதியும்வரை அமர்ந்திருப்பவர் அசையலாகாது. களுத்துறையிலும் தோட்டங்களிலும் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு என்பர். அவற்றிலும் உழைப்பாளரின் முகம் உண்டு, பெயர் அரிது. 1879இல் காலமான அவர் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பின் ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே முதலிய நிறுவனங்கள் தோட்டக் காட்சிகளை விற்பனைக்கென எடுத்தன. தெளிவிலே குறை சொல்ல இயலாத படங்கள் அவை. ஆனால் முக்காலியும் பெட்டியும் தட்டுகளும் சுமந்து வருபவர், துரையின் அனுமதி பெற்று, ஆட்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படத்தில் முகங்கள் இறுகியிருப்பது வியப்பன்று. முழுப் பழியையும் கருவியின்மேல் ஏற்றுவதும் நேர்மையாகாது. பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள எந்தக் கமராவும் தடையாக இருந்ததில்லை.

கருவி சிறுக்கத் தொடங்கியது 1888இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொடாக் பெட்டியை வெளியிட்டபோது. 1900இல் வந்த பிரவுனியின் விலை ஒரே டொலர். 1925இல் ஜெர்மனியில் லைக்கா வெளிவந்தது. சினிமாச் சுருளையே பயன்படுத்திய அதன் படச் சட்டம் 36 மில்லிமீட்டருக்கு 24. இலங்கையில் லைக்காவையும் ரோலிபிளெக்ஸையும் கையாண்டு அழியாப் புகழ் பெற்றவர் லயனல் வெண்ட். அவர் பியானோ வல்லுநர், சட்டமும் பயின்றவர். ஆனால் அவரைச் சூழ்ந்த கலை வட்டம் கொழும்பைச் சார்ந்தது. லைக்கா கைக்குள் அடங்கியதே தவிர, தொழிலாளியின் சம்பளத்துக்குள் அடங்கவில்லை.

தோட்டத்து மனிதர் கமராவை நேருக்கு நேர் சந்தித்தது பெரும்பாலும் வேறொரு தேவையால். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் கதி 1974இல் முடிவாயிற்று. செல்வோருக்குக் கடவுச்சீட்டு, கடவுச்சீட்டுக்குப் படம். பதுளையில் ரெயிலேறித் தலைமன்னார் வழியே கடல் கடந்த குடும்பங்களிற் பலவற்றுக்கு, அந்தச் சிறு சதுரப் படமே முதற் படமாகவும் இருந்திருக்கலாம். ஒருவர் இங்கும் உடன்பிறந்தவர் அங்கும் ஆன பிறகு, அப்படத்தின் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ?

1975இல் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் சுருள் இல்லாத முதல் டிஜிட்டல் கமராவை அமைத்தார். அதன் எடை ஏறக்குறைய 3.6 கிலோகிராம், ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடி பிடித்தது. அதன் வழிவந்தவற்றுள் இங்கே கருதத்தக்கது உயர்தரக் கையடக்கக் கமரா. பெரிய கமராவின் கட்டுப்பாடுகள் யாவும் அதில் உண்டு. ஆனால் வில்லையைக் கழற்ற இயலாது, உருவமோ சட்டைப்பை அளவு. கனன் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஜி10 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

இக்கமராவின் வலிமையும் குறையும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. ஒளியை ஏற்கும் உணரியின் பரப்பே அவ்வேர். மழை பெய்கையில் முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு கிண்ணத்தையும் வைத்தால் எதில் கூடுதலாக நீர் சேரும் என்பதைக் குழந்தையும் அறியும். ஜி10இன் உணரி ஏறத்தாழ 43 சதுர மில்லிமீட்டர். லைக்காவின் படச் சட்டம் 864. கேமரன் அம்மையாரின் தட்டோ ஜி10இன் உணரியைப் போல் ஏறத்தாழ 2,700 மடங்கு. அச்சிறு கிண்ணத்தையும் 1 கோடியே 47 இலட்சம் புள்ளிகளாகக் கூறுபோட்டார்கள். விளைவு, வெயிலில் அழகிய படமும் நிழலில் மணல் தூவியது போன்ற படமும். மறு ஆண்டே வந்த ஜி11இல் புள்ளிகள் 1 கோடியாகக் குறைக்கப்பட்டன. எண்ணிக்கையைப் பெருக்குவதையே விளம்பரமாகக் கொண்ட தொழிலில் ஒரு நிறுவனம் தானே பின்வாங்கியது அரிய நிகழ்ச்சி. 2012இல் சோனி வெளியிட்ட ஆர்எக்ஸ்100 வேறு வழியைக் கண்டது. புள்ளிகளைக் குறையாது, உணரியையே 116 சதுர மில்லிமீட்டராக அகலச் செய்தது.

நமுனுகுலச் சரிவு இத்தகைய கமராவுக்கு நல்ல பரீட்சைக்களம். ஆடி ஆவணியில் ஊவாவின் உலர்காற்று வீசும் நாளில் வானம் தெளிந்திருக்கும். அப்போது சிற்றுணரியின் குறை தெரிவதில்லை. முன்னே நிற்கும் கொழுந்துக் கூடையும் பின்னே நிற்கும் சிகரமும் ஒருங்கே துலங்குவது சிற்றுணரியின் தனிக் குணம். முகத்தை மட்டும் துலக்கிப் பின்னணியை மங்கச் செய்ய விரும்புவோர்க்கு அதே குணம் குறையாகும். ஐப்பசி மழை தொடங்கி மூடுபனி இறங்கினால் நிலைமை மாறும். தன்னியக்கக் குவியம் கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள எல்லையைத் தேடியே இயங்குவது. பனியில் எல்லை ஏது? வில்லை முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும். ஒளிமானியோ காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமென்று கொள்வது; வெண்பனியை அடுப்புப் புகையாக்கிவிடும். ஜி10இன் மேற்புறத்தில் இதற்கென்றே ஒரு திருகு உண்டு. அதை ஒரு படி மிகைப்பக்கம் திருப்பினால் பனி மீண்டும் பனியாகும். மின்வெளிச்சத்தை எரிப்பதோ வீண். அது வில்லைக்கு மிக அருகில் இருப்பதால் பனித்துளிகளே வெண்பொட்டுகளாகப் படத்தை நிறைக்கும்.

லயத்து அறைக்குள் பரீட்சை இன்னும் கடுமை. சிறு சன்னல், கரிபடிந்த சுவர், அடுப்பின் புகை. கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு இருப்பதால், மெல்லிய ஒளியிலும் கிழவியின் அசையாத முகம் தெளிவாக விழும். அவள் மடியில் துள்ளும் பேரன் விழமாட்டான். கொழுந்து கிள்ளும் விரல்களுக்கும் இதே நியாயம். அவை நிற்கும் விரல்கள் அல்ல. மற்றொருபுறம், பெரிய கமரா முக்காலியோடு வாசலில் நின்றால் அம்முகம் அவ்வாறு இளகியிருக்குமா என்பது ஐயமே. ஓசையற்ற மூடியும் சிற்றுருவமும் பெற்றுத் தரும் அந்த இயல்பு எந்த உணரிப் பரப்பினாலும் கிட்டாதது. மணல் தூவிய படமானாலும் அதுவே வரலாற்றுக்கு உதவும்.

விலையை மறைப்பதற்கில்லை. வெளிவந்தபோது ஜி10இன் விலை 499 டொலர். அக்கால இலங்கை நாணயத்தில் 50,000 ரூபாயைக் கடந்த தொகை. தோட்டத் தொழிலாளிக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்று நிர்ணயிக்கப்பட்டதே 2021இல்தான். எனவே லயத்துக்குள் கமராவைத் தொழிலாளர் கையிற் சேர்த்தது இக்கருவியன்று, கைத்தொலைபேசியே. ஜப்பானியக் கமராத் தொழிற் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் 12 கோடி டிஜிட்டல் கமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2020இல் அத்தொகை 1 கோடிக்கும் கீழே இறங்கியது.

எடுத்த படம் நிலைக்குமா என்பது தனிக் கேள்வி. வெண்ட் 1944இல் மறைந்தபின் அவருடைய மூலச் சுருள்கள் அழிந்தன. அவர் அச்சிட்டு வைத்த படங்களே எஞ்சின. 2014 ஒக்டோபர் 29 காலை, இதே பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. வீடுகளோடு வீட்டிலிருந்தவை யாவும் மண்ணுக்குள் போயின. ஒரே பிரதியாகச் சுவரில் தொங்கிய படத்தை அத்தகைய மண்ணிலிருந்து மீட்க வழியில்லை. டிஜிட்டல் படமும் ஒரு நினைவட்டையில் மட்டும் இருந்தால் அதே கதிதான். ஆனால் பிரதி எடுக்க இப்பொழுது பதுளை ஸ்டூடியோவுக்கு இறங்க வேண்டியதில்லை. 1964க்குப் பின் நீலகிரியிலும் திருச்சியிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, நமுனுகுலவில் காலையில் எடுத்த படம் அன்று பகலுக்குள் சேர்ந்துவிடுகிறது.