நாய்க்கு எதுக்குங்க இவ்வளவு கெடுபிடி?

1/ பிரிட்டனுக்கு உங்க நாயைக் கூட்டிட்டுப் போக இத்தனை மாசம் இழுக்குதேன்னு எரிச்சலா? அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

2/ 1902-லேயே ரேபிஸை ஒழித்த நாடு அது. 1918-ல் நோய் திரும்பியது. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பாசத்தில் ஒளித்துக் கொண்டுவந்த நாய்கள்தான் காரணம் என்று கருதப்படுகிறது. மறுபடி ஒழிக்க 1922 ஆயிற்று.

3/ சூடுபட்ட நாடு, ஆறு மாதத் தனிமைப்படுத்தலைப் பல பத்தாண்டுகள் தளர்த்தவே இல்லை. 2000-ல்தான் மாற்றுவழி வந்தது.

4/ இப்போ இந்தியாவிலிருந்து: முதல்ல மைக்ரோசிப், அப்புறம் ரேபிஸ் தடுப்பூசி. குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி கணக்கில் வராது.

5/ அறிகுறி வந்துட்டா ரேபிஸ் நோயாளியை எங்களால காப்பாத்த முடியறதே அபூர்வம். அதனால, பொறுமையா காத்திருங்க.