அணைக்க மறந்த சுவிட்ச்

துத்தநாகம் எடுப்பவர்களுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. கனிமத்தை வறுத்து, அமிலத்தில் கரைத்து, உலோகத்தைப் பிரிக்க வேண்டும். ஆனால் கனிமத்தோடு ஒட்டி வந்த இரும்பு, வறுபடும்போது துத்தநாகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அமிலத்துக்கும் மசியாத ஒரு சேர்மமாக இறுகிவிடும். அதன் பெயர் ஃபெரைட். டோக்கியோ தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் யோகோரோ கத்தோ, தன்னிடம் சேர்ந்த தாக்கேஷி தாக்கேய் என்பவரிடம் அந்தப் பொல்லாத சேர்மத்தை ஆராயும் வேலையை ஒப்படைத்தார். ஒழிக்க நினைத்துத் தொட்டார்கள். அது ஒழிவதாக இல்லை.

தாக்கேய் துத்தநாகத்தோடு நிற்கவில்லை. செம்பு, கோபால்ட் என்று வெவ்வேறு உலோகங்களின் ஆக்சைடை இரும்பு ஆக்சைடோடு சேர்த்துச் சுட்டு, ஒவ்வொன்றின் காந்தத்தன்மையையும் அளந்துகொண்டிருந்தார். 1930இல் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்பட்டவர், கருவியின் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார். சூடாக இருந்த கோபால்ட் ஃபெரைட் காந்தப்புலத்துக்குள்ளேயே கிடந்து ஆறியது. மறுநாள் வந்து பார்த்தால், அது வலுவான காந்தமாக மாறியிருந்தது.

அந்தக் காந்தம் தனிக்கதை. அதே அலமாரியில் சத்தமில்லாமல் இன்னொரு வகை இருந்தது. செம்பும் துத்தநாகமும் கலந்த ஃபெரைட். காந்தப்புலம் வந்தால் இழுத்துக்கொள்ளும், போனால் விட்டுவிடும். அதைவிட முக்கியம், சுட்ட மண்ணைப் போல மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ரேடியோ காயிலுக்குள் இரும்பை வைத்தால், அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பிச் சூடாகிச் சக்தியைத் தின்றுவிடும். இந்தச் சுட்ட கறுப்புக் கல்லில் அந்த இழப்பு மிகக் குறைவு. பொருள் அருமை, காப்புரிமையும் எடுத்தாயிற்று. வாங்கத்தான் ஆள் இல்லை.

ஆள் வந்தது முயல் பண்ணையிலிருந்து. கென்சோ சைத்தோ என்ற அகிதா மாநிலத்துக்காரர் பல தொழில்களில் கைவைத்தவர். அங்கோரா முயல் வளர்த்து ரோமம் விற்கும் யோசனையோடும் அலைந்தவர். (இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரங்கள் அந்த முயல்கள்தான்.) ஜப்பானியரின் சொந்தக் கண்டுபிடிப்பில் எழுவதே உண்மையான ஜப்பானியத் தொழில் என்பது கத்தோவின் பிடிவாதம். அவரைச் சந்தித்த சைத்தோ முயலை மறந்து கல்லைப் பிடித்துக்கொண்டார். மதுரைக்கு ஹார்வி மில் எப்படியோ, ஜப்பானுக்கு அப்படி கானெபோ நூற்பாலை. அதன் தலைவர் ஷிங்கோ சுடா 1 லட்சம் யென் கொடுத்தார். 1935 டிசம்பர் 7 அன்று ‘டோக்கியோ டெங்கி ககாகு கோக்யோ’ பிறந்தது. இந்த நீளப் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகள் பின்னாளில் மதுரைக்கும் வந்து சேர இருந்தன என்று யார் கண்டார்?

1937இல் ஃபெரைட் உள்ளகங்கள் ரேடியோக்களுக்காகப் பெருமளவில் தயாராகத் தொடங்கின. போர் முடிவதற்குள் சுமார் 50 லட்சம் வெளியே போயின. இன்னொரு பக்கம், நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்னூக் என்ற இயற்பியலாளர் போர்க்காலத்திலேயே இதே பொருளைக் குடைந்து, மேலும் தேர்ந்த கலவைகளை உருவாக்கினார். போருக்குப் பிறகு ஃபெரைட் ஒரு கறுப்புக் குச்சியாக டிரான்சிஸ்டருக்குள் புகுந்தது.

மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திண்ணையில் உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்டவர்கள் அந்தக் குச்சியைப் பார்த்ததில்லை. ஆனால் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பினால் ஒரு கோணத்தில் கரகரப்பு அடங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. குச்சியின் முனை இரைச்சல் வரும் திசையைப் பார்த்தால், அந்த இரைச்சல் அதற்குக் கேட்காது. அவ்வளவுதான் சூட்சுமம். பிறகு, பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்கிய காலம் வந்தது. அந்த உறைகளில் இருந்தன அந்த மூன்று எழுத்துகள்: டிடிகே. முயலை விட்டுக் கல்லைப் பிடித்தவரின் கம்பெனிதான். அதோடு கதை சுபமாக முடிந்திருக்கும், சார்ஜர் வராமல் இருந்தால்.

கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக எஸ்எம்பிஎஸ் வந்தது. மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்பும் முறை. கையடக்கமாயிற்று, மலிவாயிற்று. ஆனால் ஒவ்வொரு வெட்டும் ஒரு ரேடியோ இரைச்சல். செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், எல்இடி பல்பு எல்லாம் சேர்ந்து பாடத் தொடங்கின. மதுரையில் மாடிக்கு மாடி ஒட்டிய தெருக்களில், பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் 7 மெகாஹெர்ட்ஸைத் திறந்தால், பேச்சுக்குப் பதில் ஈசல் மொய்ப்பது போல ஓர் உறுமல். 2012 வாக்கில் மணிக்கணக்கில் மின்வெட்டு. ஊரே திட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் பேட்டரியில் ஓடிய ரிசீவரில் தூரத்துக் குரல்கள் தெளிவாக எழுந்தன. அடுத்த வீட்டு இன்வெர்ட்டர் உறுமும் வரை.

இரைச்சல் காற்றில் மட்டும் வரவில்லை. ஒயரில் ஓடி, ஒயரையே ஆன்டெனாவாக்கிப் பரவியது. அதை ஒயரிலேயே மறிக்க, கம்பெனிகள் பழைய நண்பனை அழைத்தன. லேப்டாப் ஒயரின் நுனியில், எலி விழுங்கிய பாம்பு மாதிரி ஒரு கறுப்புக் கட்டி இருக்கிறதே, அதற்குள் இருப்பது ஃபெரைட் உருளை. போய்த் திரும்பும் மின்சாரம் ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதால் உருளை அதைத் தொடாது. இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சலை மட்டும் மறித்துச் சூடாக்கிக் கரைத்துவிடும். சார்ஜருக்குள் இருந்து இரைச்சலுக்குத் துணைபோனதும் ஃபெரைட், வாசலில் நின்று மறித்ததும் ஃபெரைட். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டிய கதை.

இத்தனைக்கும் ஹாம்களுக்கு அந்தக் கட்டி போதவில்லை. 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் அதற்கு வீரம். 7இல் இரைச்சல் சிரித்துக்கொண்டே தாண்டியது. மாங்கனீசும் துத்தநாகமும் கலந்த பெரிய வளையத்தை வாங்கி, ஒயரை அதில் பலமுறை சுற்றிப் பார்த்தார்கள். சுற்று இரட்டித்தால் தடை நான்கு மடங்கு என்பது கணக்கு. அதற்கு முன் குற்றவாளியைப் பிடிக்க வேண்டுமே! ரிசீவரைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். உறுமல் செத்தால் திருடன் வீட்டுக்குள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார்கள்: விளக்கு, டிவி, மோடம். அகப்பட்ட ஒயர் வளையத்துக்குள் நுழைந்தது. ஒரு சுற்று, மூன்று சுற்று, ஏழு சுற்று. உறுமல் தரைதட்ட, அதன் அடியிலிருந்து, கேட்பவர் எவரையும் பேச அழைக்கும் ஒரு குரல் மெல்ல எழுந்தது: சீக்யூ, சீக்யூ.