சிலம்புக்குள் இருந்த பரல்: மதுரை வட்டாரத்துப் பழங்கல் நகைகளும் அவற்றின் வழிவரலாறும்

தமிழர் நன்கறிந்த நகை வழக்கு மதுரையில் நடந்தது. அரசி கோப்பெருந்தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தன. அரசியுடையதன் பரல் முத்து; கண்ணகியுடையதன் பரல் மாணிக்கம். கண்ணகியின் கணவன் கோவலனே அரசியின் சிலம்பைத் திருடியவன் என்ற பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் நெடுஞ்செழியன், உள்ளே இருப்பதைப் பார்க்காமலே அவனுக்குக் கொலைத் தண்டனை விதித்தான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகே அது யாருடையது என்று அவையோருக்குத் தெரிந்தது. சிலப்பதிகாரத்தின் திருப்பமே ஒரு நகையின் உடைமை வரலாறுதான்.

பழைய கல் நகைகளைச் சேகரிப்போரின் கேள்விகளும் இவையே. இந்த நகை யாருடையது? எப்போது செய்தது? உள்ளே என்ன இருக்கிறது? ஒரு பழைய நகையின் மதிப்பில் பொன், கல் ஆகிய இரண்டோடு அது கைமாறி வந்த வழிவரலாறும் சம பங்கு வகிக்கிறது என்பதும், இன்றைய மதுரைச் சந்தை அந்த மூன்றாவது கூறை எடைத்தட்டில் ஏற்றாமல் அழித்துவருகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கல் அறிந்த ஊர்

மதுரைக்குக் கல்லறிவு புதிதன்று. நகருக்குத் தென்கிழக்கே உள்ள கீழடி அகழாய்வில் சூதுபவளம் (கார்னீலியன்), அகேட் மணிகள் கிடைத்தன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரைக் கடைத்தெருவில் விற்ற ஒன்பது மணிகளையும் அவற்றின் குண குற்றங்களோடு பட்டியலிடுகிறது. வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ரேகை என நான்கு குற்றங்கள். முத்துக்குக் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் வரும் குற்றங்கள். குற்றத்துக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு வாங்குபவர் கண் பழகியிருந்த ஊர் அது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் இன்னொரு சான்று. பாண்டியனின் முடி களவுபோனபின் புது முடிக்கு மணி தேடிய அமைச்சர்கள் முன் சிவபெருமான் வணிகராக வருகிறார். மணிகளைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடவில்லை. ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, இயல்பு என்ன என்று விளக்கியே கொடுக்கிறார். மீனாட்சியம்மன் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை ஆண்டுதோறும் நடத்தப்படுகிறது. அந்த விழாவின் பெயரைத் தாங்கிய தெற்காவணி மூல வீதிதான் இன்று மதுரையின் நகைக்கடை வீதி.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் 104 முத்துகளும் மாணிக்கங்களும் கோத்த மாலையைச் செபத்துக்காக அணிந்திருந்ததாக எழுதுகிறார். தந்தை சேர்த்த செல்வத்தை மகன் தொடுவதில்லை, தான் தனியே சேர்க்கிறான் என்றும் அவர் குறிக்கிறார். 1311இல் மாலிக் கபூரின் படை மதுரையைச் சூறையாடித் திரும்பியது. அந்த மாலைக்கு நேர்ந்தது இன்னதென்று சொல்ல ஒரு கல்லும் பெயரோடு மிஞ்சவில்லை.

திருப்பிப் பார்த்தல்

மதுரை, செட்டிநாட்டு வீடுகளில் கிடைக்கும் ஒரு பழைய கெம்பு அட்டிகையைக் கையில் எடுத்தால், அனுபவமுள்ள சேகரிப்பாளர் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார். முன்பக்கம் கல்லின் அழகு. பின்பக்கம் பத்தரின் கை. பழைய மூடிய பதிப்பில் கல்லின் பின்புறம் திறந்திருக்காது. கூட்டுக்குள் அரக்கு நிரப்பி, கல்லின் அடியில் நிறம் எடுப்பாகத் தெரிய மெல்லிய தகடு வைத்து, சுற்றிலும் பொன்னை அழுத்தியிருப்பார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிய நகையில் ஈரம் உள்ளே இறங்கித் தகடு கறுத்துவிடும். கல்லும் செத்தாற்போல் தெரியும். ஒரு வளையத்தில் மட்டும் பற்றுவைப்பு புதிதாக இருந்தால் இடையில் பழுது பார்த்திருக்கிறார்கள். பத்துக் கற்களில் எட்டு மேடுபள்ளமாகவும் இரண்டு மட்டும் வழவழப்பாகவும் இருந்தால் அந்த இரண்டும் பிற்காலத்தில் சேர்ந்தவையாக இருக்கலாம்.

கெம்பிலேயே ஒரு பெரிய சிக்கல் உண்டு. 1886இல் மேல் பர்மா ஆங்கிலேயர் வசமானபின், அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் வழியாக மோகோக் பகுதி மாணிக்கங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். ஆகவே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி நகை என்பதாலேயே அதிலுள்ளது பர்மாக் கல் என்று கொள்ள முடியாது. பத்து மடங்கு உருப்பெருக்கியில் வெர்னாய் கல்லில் வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் தெரியும்; இயற்கைக் கல்லில் பட்டிழை போன்ற நுண்ணூசிகள் தெரியலாம். புற ஊதா விளக்கில் இரண்டுமே சிவந்து ஒளிரும் என்பதால் அந்தச் சோதனை மட்டும் போதாது.

வைரத் தோட்டுக்கும் இதே கவனம் தேவை. பெரியவர்கள் பெருமையோடு ‘ப்ளூ ஜாகர்’ என்று சொல்லும் வைரத்தின் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. முத்திலும் அப்படியே: மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கொற்கைக் காலம் முதல் வந்த அந்தக் கடல்முத்து இன்று பழைய நகைகளிலும் கோயில் உடைமைகளிலும் மட்டுமே இருக்கிறது.

எடைத்தட்டில் காணாமல் போவது

பாட்டியின் அட்டிகையை மாற்ற வரும் பெண்ணிடம் கடையில் சொல்லப்படும் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: “கல்லுக்கு விலை கிடையாதும்மா, தங்கத்துக்குத்தான்.” கல்லும் அரக்கும் கழிக்கப்படும், பொன் உருகும், கற்கள் ஒரு காகிதப் பொட்டலத்தில் திரும்பி வந்து பீரோவில் கிடக்கும். பத்து ஆண்டு கழித்து அதைப் பிரிப்பவருக்கு அவை வெறும் சிவப்புக் கற்கள்.

இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 1963இன் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்வதைத் தடுத்து, பத்தர்களின் பிழைப்பைக் குலைத்தன. பல பட்டறைகளில் கைமரபு அறுந்தது. 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமான ஹால்மார்க் முறை வாங்குபவருக்குத் தூய்மை உறுதியைத் தந்தது, அது நல்லதே. குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்கு விலக்கும் உண்டு. ஆனாலும் முத்திரை இல்லாத பழைய நகையை அப்படியே மறுபடி விற்பதைவிட உருக்குவதே கடைக்கு எளிது.

உருக்குவதா, காப்பதா என்ற கேள்வி கோயில்களிலும் எழுந்தது. பயன்படாத காணிக்கைப் பொன்னைக் கட்டிகளாக்கி முதலீடு செய்யும் திட்டத்தை அறநிலையத் துறை 2021இல் தொடங்கியபோது, முதல் மூன்று கோயில்களில் ஒன்றாகச் சாத்தூர் அருகிலுள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இருந்தது. வருமானம் திருப்பணிக்கே போகிறது, நோக்கத்தில் பிழையில்லை. ஆயினும் உருக்குமுன் ஒவ்வொரு கல் நகையும் முன்னும் பின்னும் படமெடுக்கப்படுவது ஆய்வாளருக்கு இன்றியமையாதது.

பெயரோடு நிலைத்த ஒன்று

மாற்று வழிக்கு மதுரையே எடுத்துக்காட்டு வைத்திருக்கிறது. 1812 முதல் 1828 வரை மதுரையின் கலெக்டராக இருந்த ரவுஸ் பீட்டர், மீனாட்சியம்மனுக்கு மணிகள் பதித்த பொன் அங்கவடிகளைக் காணிக்கையாகத் தந்தார். மழை இரவொன்றில் அம்மனே சிறுமியாக வந்து அவரை மாளிகைக்கு வெளியே அழைத்து வந்ததால் இடியிலிருந்து தப்பினார் என்பது செவிவழிக் கதை. 412 மாணிக்கம், 72 மரகதம், 80 வைரம் என்று கணக்குச் சொல்லப்படும், ‘பீட்டர் பாதுகம்’ எனப்படும் அந்த இணையில் ‘பீட்டர்’ என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சித்திரைத் திருவிழாவில் அம்மன் குதிரை வாகனத்தில் எழுந்தருளும்போது அவை இன்றும் அணிவிக்கப்படுகின்றன. கொடுத்தவர் யார், காலம் எது, எந்த நாளில் வெளியே வரும் என்பதெல்லாம் தெரிந்த நகை அது. அதிலுள்ள கற்களைப் பிரித்து ஏலம் விட்டால் 564 கற்கள் கிடைக்கும். பீட்டர் பாதுகம் கிடைக்காது.

உருக்கிச் செய்வதும் நம் மரபுதானே என்ற மறுப்பு வலுவானது. தாயின் வளையல் மகளின் சங்கிலியாவது தமிழ்க் குடும்பங்களின் இயல்பு. அப்படிப் புதுப்பிக்கப்படுவதாலேயே நகை வாழ்கிறது. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறதே ஒழிய, வீட்டு நகை பட்டறைக்குப் போவதைத் தடுப்பது அதன் நோக்கமில்லை.

சேகரிப்பாளர் இங்கேதான் தேவைப்படுகிறார். நகையை வாங்கமுடியாவிட்டாலும் அதன் பதிவை வாங்கலாம்: முன்பக்கம், பின்பக்கம், கொக்கி என மூன்று படங்கள், மொத்த எடை, கல் எடை, அணிந்தவர் எந்த ஊர், எந்தத் திருமணத்துக்குச் செய்தது என்று வீட்டுப் பெரியவர் சொல்வது. காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் இப்படியொரு பதிவேட்டைத் தொடங்கி, தெற்காவணி மூல வீதிக் கடைகளில் உருக்க வரும் கல் நகைகளை உரிமையாளரின் இசைவோடு அன்றன்றே படமெடுக்க ஏற்பாடு செய்யலாம். ஒரு நகைக்குக் கால் மணி நேரம் போதும். பிரித்த கற்களின் பொட்டலத்தோடு அந்தத் தாளின் நகலும் வீட்டுப் பீரோவுக்குத் திரும்பிப் போகும்.