சீனர் பேட்டையைச் சுற்றிய கயிறு

சென்ற வாரம் ஹாங்காங்கிலிருந்து பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கக் கண்ட பிளேக் நோயை, இவ்வாரம் பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஸான்பிரான்ஸிஸ்கோ வரையில் பின்தொடர வேண்டியிருக்கிறது. 1900-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி அந்நகரின் சீனர் பேட்டையில், விடுதியொன்றின் நிலவறையில் வசித்துவந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் பிரேதத்தைப் பரிசோதித்த வைத்தியர்கள் தொடையிடுக்கில் நெறிகட்டியிருக்கக் கண்டு சந்தேகங்கொள்ளவே, கிருமிச் சோதனை முடியுமட்டும் காத்திராமல், மறுநாளே போலீஸார் வெள்ளையரை மட்டும் வெளியே போகவிட்டு, பேட்டை முழுவதையும் கயிறு கட்டி அடைத்துவிட்டனர். (சீனர் பஞ்சாங்கப்படி அது எலியாண்டு என்பது விதியின் பரிகாசம்போலும்!)

மலைகளைக் குடைந்து ரயில் பாதை போடுவதற்கு வேண்டியிருந்த சீனக் கைகள், பாதை முடிந்து கூலிக்குப் போட்டி ஏற்பட்ட காலத்தில் வேண்டாதவையாகி, 1882-ஆம் ஆண்டிலேயே சட்டத்தினால் தேசத்தின் வாசல் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஆகவே துவேஷம் நோய்க்கு மூத்தது. நோய் அதற்கு சாஸ்திர கௌரவத்தைத் தேடித் தந்தது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் கட்டிய கயிறு அவிழ்க்கப்பட்டபின், 1900 மே மாதக் கடைசியில் மறுபடியும் போடப்பட்ட வேலியோ, வெள்ளையர் கடை குறுக்கிட்ட இடங்களிலெல்லாம் மரியாதையுடன் வளைந்து ஒதுங்கிச் சென்றது. பம்பாயில் ஹாஃப்கின் கண்டுபிடித்த பிளேக் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளாத சீனரும் ஜப்பானியரும் நகரைவிட்டுப் போகலாகாதென்ற உத்தரவையும், பின்னர் இவ்வேலியையும், பக்ஷபாதமானவை என்று கண்டு நீதிபதி மாரோ ரத்துசெய்தார்.

இதற்கிடையே, கலிபோர்னியாவின் சரக்குகளைப் பிற ராஜ்யங்கள் திருப்பியனுப்பிவிடுமோ என்று அஞ்சிய கவர்னர் கேஜ், பிளேக் என்பதே பொய்யென்று சாதித்தார். பிறரை அடைப்பதில் சுறுசுறுப்பாயிருந்த ஊர், தன்னைப் பிறர் அடைக்கக்கூடுமென்றதும் நோயையே மறுத்ததல்லவா? கிருமியைக் கண்டறிந்து உண்மையை உரைத்த மத்திய சர்க்கார் வைத்தியர் கின்யோனுக்குக் கிடைத்த வெகுமதி, ஏச்சும், 1901-இல் வேற்றூருக்கு மாற்றலுமே.

எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறதென்று 1898-இல் கராச்சியில் கண்டறிந்த பிரெஞ்சு வைத்தியர் சிமோனின் சொல்லை அன்று பலரும் ஏற்கவில்லை. 1904-க்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபின் அடங்கிய பிளேக், 1906-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் இடிந்த வீடுகளினூடே எலிகள் பெருகியதும், அடுத்த ஆண்டே திரும்பி வந்தது. இம்முறை அதற்கு இரையானவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். டாக்டர் ரூபர்ட் புளூவின் ஆட்கள் எலிப்பொறிகளுடன் தெருத்தெருவாக அலைந்தார்கள். வெள்ளையர் வீதிகளைச் சுற்றி ஒருவரும் கயிறு கட்டவில்லை.